குடியை விட விரும்புகிறவன் எங்கே போவான்?

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கடலோரப் பிரதேசத்தில் மதுக்கடைக்கு வழி கேட்க வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. துறைமுக வாயிலில் லாரியை நிறுத்தியவனுக்கும், காசிமேட்டில் வலை உலர்த்துகிறவனுக்கும், திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வெளிவருகிறவனுக்கும் அது தெரியும். ஆனால், குடியை விட்டொழித்தவர்கள் கூடிப் பேசும் இடம் எது, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று அந்த மனிதன் ஒரு நாள் கேட்கத் துணிந்தால், பதில் சொல்லக்கூடியவர் அவன் தெருவில் எத்தனை பேர் இருப்பர்? கேட்கத் துணியும் நாள் ஒருவன் வாழ்வில் அடிக்கடி வருவதன்று. வந்த அன்று வழி காட்டுவாரில்லையேல், மாலைக்குள் கால்கள் பழகிய பாதையிலேயே போய்விடும்.

‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, அதாவது பெயர் வெளியிடாக் குடிநோயர் என்னும் சங்கத்தின் பிறப்பே இத்தகைய ஒரு தேடலில்தான் நிகழ்ந்தது. 1935-ம் வருஷம் மே மாதத்தில், நியூயார்க் பங்கு வியாபாரியான பில் வில்சன் என்பவர் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்கு ஒரு காரியமாக வந்து தோல்வியுற்றார். குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. ஹோட்டல் கூடத்தில் தனியே நின்றபோது மதுச்சாலையின் ஆரவாரம் அவரை இழுத்தது. அவர் உள்ளே போகவில்லை; டெலிபோனை எடுத்து, தம்மைப் போன்ற மற்றொரு குடிநோயாளியோடு பேச வேண்டுமென்று ஒரு பாதிரியாரை வேண்டினார். அதன் பயனாகக் கிட்டியவர் டாக்டர் ராபர்ட் ஸ்மித் என்னும் ரண சிகிச்சை நிபுணர். ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10-ம் தேதியையே சங்கம் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. 1957-ல் அது டில்லிக்கு வந்தது. இன்று சென்னையில் தமிழிலேயே கூட்டங்கள் நடைபெறுகின்றன.

இக்கூட்டத்தில் உபந்நியாசம் செய்ய மகான் எவரும் வருவதில்லை. சந்தா இல்லை. வெளியார் நன்கொடையும் ஏற்பதில்லை. அறை வாடகைக்கும் தேநீருக்கும் அங்கத்தினரே காசு போடுகின்றனர். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே அங்கத்தினராவதற்குப் போதும். வீட்டில் எதை விற்றேன், யாரை அடித்தேன் என்று ஒருவர் சொல்ல, அதையே செய்த மற்றொருவர் முகம் சுளிக்காமல் கேட்கிறார். வைத்தியரிடமும் மனைவியிடமும் பொய் சொல்லிப் பழகியவன் இங்கே பொய் சொல்லிப் பயனில்லை. கேட்பவர் அனைவரும் அதே பொய்களைச் சொன்னவர்கள்!

அவர்கள் ஆயுள் முழுதுக்குமாகச் சபதம் செய்வதில்லை. இன்று ஒரு நாள் குடிப்பதில்லை என்பதே அவர்களுடைய விரதம். திருவொற்றியூர்வாசிகளுக்குச் சபதத்தின் பாரத்தைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் ஆணையிட்ட சுந்தரர், திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வந்ததும் ஊர் எல்லையைத் தாண்டிக் கண்ணிழந்தார் என்பது அவ்வூர்ப் புராணம். தம்பிரான் தோழருக்கே அந்தக் கதியாயின், கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு மூன்றாம் நாள் தவறிய சுமைக்கூலியை நாம் ஏசுவது எப்படி நியாயமாகும்? தவறியவன் மறுநாளும் வந்து உட்கார ஒரு நாற்காலி வேண்டும்.

மதுவிலக்கின்பால் நமக்குள்ள பற்று குறைந்துவிடவில்லை. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் தொடங்கிய சட்டம் 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் நீங்கி, 1974-ல் மீண்டு, 1981-ல் மறுபடி நீங்கியது. 1983-ல் டாஸ்மாக் ஏற்பட்டு, 2003 முதல் சில்லறைக் கடைகளையும் சர்க்காரே நடத்துகின்றனர். சட்டம் போவதும் வருவதுமாக இருக்க, நோயாளி நோயாளியாகவே இருந்துவருகிறான்.

ஒன்றை எச்சரிக்கை செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் காணக்கூடும்; உயிருக்கே ஆபத்துண்டு. முதலில் வைத்திய உதவி அவசியம். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் நிறுவிய டி.டி.கே. வைத்தியசாலை இத்துறையில் அரும்பணி ஆற்றிவருகிறது. ஆயினும் அது நகரின் தென்பகுதியில் உள்ளது; சிகிச்சை பெற்றவன் திரும்பி வருவதோ அதே எண்ணூர்த் தெருவுக்கு, அதே நண்பர்களிடையே. அங்கேதான் கூட்டம் தேவைப்படுகிறது.

பெயரை மறைப்பது சங்கத்தின் விதியாயிற்றே, விளம்பரம் செய்யலாமா என்று சிலர் கேட்கலாம். மறைவாக இருக்கவேண்டியது ஆளின் பெயரேயன்றி, அறையின் விலாசமன்று. ஆகவே வைத்தியசாலைகள் மருந்துச் சீட்டோடு அருகிலுள்ள கூட்டத்தின் கிழமையையும் நேரத்தையும் எழுதிக் கொடுக்கட்டும். தொழிற்சங்கங்கள் அறிவிப்புப் பலகையில் ஒரு வரி ஒதுக்கட்டும். மத்திய சர்க்காரின் இலவச உதவி எண்ணான 14446-ஐயும் அதன் கீழே எழுதலாம். மாதாகோவில்களும் பள்ளிகளும் ஓர் அறையைக் குறைந்த வாடகைக்கு விடட்டும். மாலை ஏழு மணிக் கூட்டம் இரவு வேலைக்காரனுக்கு உதவாது. காலையில் ஒன்று வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் தடைக்காலத்தில், தொழிலுமின்றிப் பொழுதும் போகாதிருக்கும் காசிமேட்டு மீனவர்களுக்கென ஒரு கூட்டம் தொடங்குவது மிகவும் உசிதம். குடிநோயர் குடும்பத்தாருக்காக 1951-ல் அமெரிக்காவில் தோன்றிய ‘அல்-அனான்’ கூட்டங்களையும் அப்பலகையில் குறிப்பிடவேண்டும். பெரும்பாலும் முதலில் வழி கேட்டு வருகிறவள் மனைவியே.