உன் வீடா, அவர் வீடா?

துருக்கி மொழியில் வீட்டுக்கு ‘எவ்’ என்று பெயர். ‘எவிம்’ என்றால் என் வீடு, ‘எவின்’ உன் வீடு, ‘எவி’ அவன் வீடு அல்லது அவள் வீடு. பால் வேறுபாடு அந்த மொழியில் கிடையாது. உடையவர் யார் என்பதைப் பெயரின் கடைசியிலேயே ஒட்டிவிடுகிறார்கள். வேற்றுமை உருபு அதற்கும் பின்னால்தான். ‘எங்கள் வீடுகளிலிருந்து’ என்பதை ‘எவ்-லெர்-இமிஸ்-தென்’ என்பார்கள்: வீடு, பன்மை, எங்கள், இருந்து. பன்மைக்குப் பின் உருபு என்ற வரிசை நமக்கும் உண்டு. நடுவே உடையவரைச் செருகுவதுதான் இல்லை. பழந்தமிழில் எந்தை, நுந்தை, தந்தை என்று உறவுப்பெயர்களில் ஒட்டியதும் முன்னால்தான்.

1856இல் கால்டுவெல், திராவிட மொழிகளைத் துருக்கி உள்ளிட்ட ‘சிதியன்’ மொழிகளோடு உறவுபடுத்திப் பார்த்ததற்கு இப்படி ஒட்டிக்கொண்டே போகும் அமைப்பும் ஒரு காரணம். அந்த உறவை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை.

சிக்கல் வருவது உருபு சேரும்போது. ‘தெ’ என்பது இடவேற்றுமை. ‘உன் வீட்டில்’ என்பதற்கு எவின் + தெ = எவிந்தெ. ‘அவர் வீட்டில்’ என்றால் எவிதெ என்றுதானே வரவேண்டும்? வராது. படர்க்கை உடைமை விகுதிக்கும் உருபுக்கும் இடையே ஒரு னகரம் நுழையும். நம் சாரியை போல. ஆகவே அதுவும் எவிந்தெ. ‘அலி எவிந்தெ’ என்றால் அலி தன் வீட்டில் இருக்கிறானா, உன் வீட்டிலா? சொல்லை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆதியில் இந்தக் குழப்பம் இல்லை. முன்னிலை விகுதி ‘ன்’ அல்ல, ‘ங்’. மங்கோலியாவில் 732இல் நிறுவப்பட்ட, பழந்துருக்கி மொழியிலான குல் தெகின் கல்வெட்டின் எழுத்துமுறையில் ஙகரத்துக்குத் தனி எழுத்தே உண்டு. உஸ்மானியர் அரபு எழுத்தில் எழுதியபோது அதைக் காஃப் எழுத்தால் குறித்தார்கள். ‘செவிட்டுக் காஃப்’ என்று அதற்குப் பெயர். இஸ்தான்புல் பேச்சில் ஙகரம் னகரமாகத் தேய்ந்துபோனது. 1928இல் லத்தீன் எழுத்து வந்தபோது அதற்கு இடம் ஒதுக்கவில்லை. அனத்தோலியக் கிராமங்களில் மட்டும் இன்னும் கேட்கிறது.

உறவு மொழிகள் தப்பித்த விதம்தான் சுவையானது. கசாக் மொழி பழைய ஒலியை விடவில்லை: ‘உயிங்-தெ’ உன் வீட்டில், ‘உயிந்-தெ’ அவர் வீட்டில். அதன் சிரிலிக் நெடுங்கணக்கில் ஙகரம் தனி எழுத்து. உஸ்பெக் மொழி இன்னும் ஒரு படி மேலே போய், ஙகரத்தை வைத்துக்கொண்டு சாரியையைக் கைவிட்டது: ‘உயிங்-த’, ‘உயி-த’. என் கணக்கில் மிகச் சிக்கனமான தீர்வு இதுதான்.

துருக்கியர் என்ன செய்கிறார்கள்? ஐயம் எழுந்தால் ‘செனின் எவிந்தெ’ (உன்), ‘ஒனுன் எவிந்தெ’ (அவர்) என்று ஆறாம் வேற்றுமைப் பெயரை முன்னால் வைத்துவிடுகிறார்கள். உடையவரிலும் உடைமையிலும் இரட்டை முத்திரை.

சைபீரியாவின் சகா மொழிக்கு இந்த வழி இல்லை. அங்கே ஆறாம் வேற்றுமையே ஒழிந்துவிட்டது. குதிரையின் தலையைச் சொல்ல ‘அத் பஹா’ போதும்: குதிரை, அதன்-தலை. தமிழ் உடையவர் மேல் ஏற்றும் சுமையை அந்த மொழி முழுக்க உடைமையின் மேல் ஏற்றுகிறது.