மேட்டில் ஏறாத மேப்பிள் சாறு

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மகள் வீட்டில் தங்கியிருக்கும் வாசகர் ஒருவர், அங்கே பக்கத்துத் தோப்புக்காரருக்கு நேர்ந்த சங்கடத்தை விவரித்து, அதன் காரணத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார். மேப்பிள் மரங்களில் துளையிட்டு வடிக்கும் சாறு பள்ளத்திலுள்ள தொட்டியில் வந்து சேருகிறது, அதைக் காய்ச்சிப் பாகாக்கும் கொட்டகையோ 22 மீட்டர் உயரத்தில் பாதையோரம் இருக்கிறது, தோப்புக்குள் மின்சாரமில்லை. ஆகவே அவர் ஆறரைக் குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் எஞ்சின் பம்பு ஒன்றை வாங்கி, ‘நிமிஷத்துக்கு 600 லிட்டர், 30 மீட்டர் உயரம்’ என்று அதன் பெட்டிமேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதை நம்பி, ஓர் அங்குலக் குழாயை 200 மீட்டர் தூரம் இழுத்துப் பூட்டி, எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கிவிட்டு மேலே ஓடிப்போய்ப் பார்த்தால், நிமிஷத்துக்கு 25 லிட்டர்தான் விழுகிறதாம். பம்பு பழுதா, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்பது கேள்வி.

இரண்டும் இல்லை. பெட்டியின் மேலுள்ள இரண்டு எண்களும் சத்தியமானவை; ஆனால் அவை ஒருபோதும் ஒரே சமயத்தில் சத்தியமானவை அல்ல. உயரமே இல்லாதபோது 600 லிட்டர்; 30 மீட்டர் உயரத்தில் ஒரு சொட்டும் இல்லை. இவ்விரண்டையும் அக்கம்பக்கமாக அச்சிட்டுவிட்டு, நடுவிலுள்ள சங்கதியை வாங்குகிறவரின் கற்பனைக்கு விட்டுவிடுவது விளம்பரக்காரர்களின் சாமர்த்தியம்.

தோப்புக்காரரின் அவசரமும் நியாயமானதே. இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் மாறிமாறி வரும் பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் வரையிலான சில வாரங்களில்தான் மரம் சாறு சுரக்கும். அதில் சர்க்கரை ஏறக்குறைய 2 சதவிகிதமே ஆதலால், ஒரு லிட்டர் பாகுக்கு 40 லிட்டருக்கு மேல் சாறு வேண்டும். வெயில் ஏறிய தொட்டியில் கிடந்தால் நுண்ணுயிர்கள் புகுந்து அதைக் கெடுத்துவிடும்.

இனிப் பம்புக்குள் நுழைவோம். அங்கே இருப்பது இம்பெல்லர் என்னும் சிறு சக்கரம். அது செய்யும் காரியம் நம் வீட்டு மத்து செய்யும் காரியமே. பானையில் மத்தைச் சுழற்றினால் மோர் நடுவில் குழிந்து, விளிம்பை நோக்கி விரைந்து, சுவரைப் பற்றி மேலேறுகிறது. எவ்வளவு உயரம் ஏறும் என்பதை நிர்ணயிப்பது கடைகிறவரின் புஜபலம் அன்று, மத்தின் விளிம்பு ஓடும் வேகம். ஒரு பயில்வான் நிதானமாகச் சுற்றினால் மோர் ஒரு விரற்கடை ஏறாது. மெலிந்த பாட்டி கயிற்றை விறுவிறுவென்று இழுத்தால் முகத்தில் தெறிக்கும். அதே பானையை இறுக மூடி, பக்கவாட்டில் துளையிட்டு, ஒரு குழாயைச் சொருகி மச்சுவரை நிறுத்தினால், போதிய வேகத்தில் கடையும் பாட்டி கீழிருந்தபடியே மச்சிலிருக்கும் மருமகளின் தம்ளரை நிரப்பிவிடலாம். வெண்ணெய் திரண்டு குழாயை அடைத்துக்கொண்டால் அதற்குப் பௌதிக சாஸ்திரம் பொறுப்பல்ல.

கணக்கும் அழகானது. 12 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள இம்பெல்லர் நிமிஷத்துக்கு 3,600 சுற்றுச் சுற்றினால், அதன் விளிம்பு வினாடிக்கு ஏறக்குறைய 22.6 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது; அந்த வேகத்தில் ஒரு கல்லைச் செங்குத்தாக மேலே எறிந்தால், காற்றின் தடையை மறந்துவிடுவோமானால், அது 26 மீட்டர் ஏறித் திரும்பும். இந்தப் பம்பு திரவத்தை ஏற்றக்கூடிய எல்லையும் அதை ஒட்டியோ, அதற்குச் சற்று மேலோதான் இருக்கும்! குதிரைத்திறன் இதில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது எத்தனை லிட்டர் என்பதற்குத்தான் பதில் சொல்லுமேயன்றி எத்தனை மீட்டர் என்பதற்கு அன்று. வேகம் பாதியானால் உயரம் கால் பங்காகும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க எண்ணி எஞ்சினின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தீர்களானால், 30 மீட்டர் என்பது 19 ஆகச் சுருங்கி, 22 மீட்டர் மேட்டுக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது. எஞ்சினோ குறையின்றி உறுமிக்கொண்டிருக்கும். உள்ளே மாட்டிக்கொண்ட சாறு வெறுமனே சுழன்று சூடேறிக்கொண்டிருக்கும்.

இதனினும் ரசமான விஷயம், இந்த உயரம் திரவத்தின் கனத்தைப் பொறுத்ததன்று என்பது. தண்ணீரானாலும் சாறானாலும் அதே 30 மீட்டர். ஏன், காற்றானாலும் 30 மீட்டர்தான். ஆனால் தண்ணீரைவிட 800 மடங்கு இலேசான காற்றின் 30 மீட்டர் உயரம், தண்ணீர்க் கணக்கில் 4 சென்டிமீட்டருக்கும் குறைவு. உலர்ந்த பம்பு எவ்வளவு ஆவேசமாகச் சுற்றினாலும் தொட்டியிலிருந்து சாற்றை நாலு விரற்கடைகூட உறிஞ்சாமல் போவதும், முதலில் அதன் வயிற்றில் ஒரு செம்பு நீரை ஊற்றிப் ‘பிரைமிங்’ செய்தாக வேண்டியிருப்பதும் இதனால்தான். ‘செல்ஃப் பிரைமிங்’ என்று பட்டம் சூட்டிய பம்புக்கும் அந்த முதல் செம்பு வேண்டும். வெறும் வயிற்றோடு ஓடவிட்டால் அதன் சீல் கருகும்.

சரித்திரம் கேட்பவர்களுக்கு: உறிஞ்சும் பம்பு ஏறக்குறைய 10 மீட்டருக்கு மேல் உயர்த்த மறுப்பதை கலிலியோ எழுதிவைத்தார்; உறிஞ்சுவதாக நாம் நினைப்பது வாயுமண்டலம் கீழிருந்து தள்ளுவதே என்று அவர் சீடர் டாரிசெல்லி விளக்கினார்; 1851-இல் லண்டன் பொருட்காட்சியில் ஆப்பல்ட் என்பவர் வளைந்த இதழ்களுள்ள இம்பெல்லரைக் காட்டி, நேரான இதழ்க்காரர்களைத் தலைகுனிய வைத்தார். இதில் தோப்புக்காரருக்குப் பயன்படுவது ஒன்றே: பம்பு பள்ளத்தில், தொட்டியை ஒட்டியே இருக்க வேண்டும். மேட்டில் வைத்து 22 மீட்டர் உறிஞ்சவைக்க எந்த விலையுயர்ந்த பம்பாலும் ஆகாது.

அவர் பம்பைச் சரியான இடத்திலேயே வைத்திருக்கிறார், குற்றவாளி குழாய்தான். ஓர் அங்குலக் குழாயில் நிமிஷத்துக்கு 60 லிட்டரைச் செலுத்தினால், 200 மீட்டர் தூரத்தில் உராய்வு மாத்திரமே 37 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தத்தை விழுங்கிவிடும். அதாவது மேடு 22 மீட்டர், ஆனால் பம்பு சுமக்கும் மேடு 59 மீட்டர். அதைச் சுமக்க வலுவில்லாத பம்பு, உராய்வு 8 மீட்டருக்குள் அடங்கும்வரை ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு, 25 லிட்டரில் சமாதானம் அடைகிறது. இந்த உராய்வு குழாயின் விட்டத்துக்கு ஏறக்குறைய ஐந்தாம் மடியில் எதிர்விகிதமானது: ஒன்றரை அங்குலக் குழாயானால் அதே 60 லிட்டருக்கு 37 மீட்டர் என்பது 5 மீட்டராக வீழ்ந்துவிடுகிறது. 2,000 லிட்டர்த் தொட்டியும் அரைமணி நேரத்தில் காலியாகும்.

ஆகவே, கடைக்காரர் இப்போது சிபாரிசு செய்கிறாராமே, இரண்டு இம்பெல்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளும் உயர் அழுத்தப் பம்பு, அது இவருக்கு வேண்டாம். மேடு 50, 60 மீட்டராக இருந்தால் அதுவே வழி. 22 மீட்டருக்கு அந்தப் பணத்தைக் குழாயில் போடலாம். வயலுக்குச் சேற்று நீர் இறைத்த பழைய பம்பு யாரேனும் இரவல் கொடுத்தால் வாங்கக்கூடாது; 40 லிட்டரை ஒன்றாகச் சுண்டக் காய்ச்சுகிற தொழிலில் ஒரு துளி எண்ணெயும் உடன் சேர்ந்து செறிந்துவிடும். மாலையில் வேலை முடிந்ததும் பம்பின் அடியிலுள்ள திருகைக் கழற்றி, குழாய்ச் சாறு முழுவதும் தொட்டிக்கே வடிந்து திரும்பும்படி விட்டுவிட வேண்டும். இல்லையேல் மறுநாள் சாறு சுரப்பதற்குக் காரணமான அதே இரவுப் பனி, பம்பின் வார்ப்பு உடலை விரியச் செய்துவிடும்.