குறும்படமா, விளம்பரமா? கண்டுபிடிப்பது எப்படி?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் யூடியூப் தான். அசோக் நகரில் எங்கள் மேல் வீட்டுப் பெரியவரும் அப்படித்தான். "சார், மூன்றரை நிமிஷப் படம், கண் கலங்கிடுச்சு" என்று ஒரு லிங்க் அனுப்பினார். அது 2013 நவம்பரில் வெளியான 'ரீயூனியன்'. கூகுளின் விளம்பரம் என்று சொன்னேன், அவர் நம்பவில்லை.

நம்பாததில் வியப்பில்லை. பிரிவினையில் பிரிந்த டில்லி பல்தேவ், லாகூர் யூசுப் என்ற இரு நண்பர்களின் கதை அது. தாத்தா சொன்ன பூங்கா, மிட்டாய்க் கடை ஆகிய குறிப்புகளை வைத்துப் பேத்தி தேடுகிறாள், நண்பர்கள் சந்திக்கிறார்கள். "எங்கள் தளத்தைப் பயன்படுத்துங்கள்" என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒவ்வொரு தேடலும் நடப்பது கூகுளில்தான்!

இந்த உத்தி புதிதல்ல. யூடியூப் தொடங்கியது 2005-ல். அதற்கு முன்பே, 2001-ல், பி.எம்.டபிள்யூ கார் நிறுவனம் 'தி ஹையர்' என்ற குறும்பட வரிசையை இன்டர்நெட்டில் வெளியிட்டது. ஆங் லீ, வோங் கார்-வாய் போன்றோர் இயக்கினார்கள். நம் நாட்டில் 2016-ல் வந்த 'ட்ரிப்ளிங்' தொடரில் மூன்று உடன்பிறப்புகள் பயணம் செய்வது டாடா டியாகோ காரில்.

மூடப்பட்டுவிட்ட நம் உதயம் தியேட்டரில் விளம்பரம் தனி, படம் தனி. இன்டர்நெட்டில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. எனவே கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. வீடியோவின் கீழே உள்ள சேனல் பெயரைப் பாருங்கள். 'ரீயூனியன்' கூகுளின் சேனலிலேயே இருக்கிறது.

2. வீடியோ தொடங்கும்போது, பணம் பெற்ற விளம்பரம் இதில் உள்ளது என்ற பொருளில் ஒரு வரி சில விநாடிகள் தோன்றலாம். தவறவிடாதீர்கள்.

3. வீடியோவின் கீழ் உள்ள விளக்கப் பகுதியை கிளிக் செய்து முழுவதும் படியுங்கள். நிறுவனப் பெயரோ, வாங்குவதற்கான லிங்க்கோ இருக்கும்.

4. ஒரே பொருள் அடிக்கடி, நல்ல வெளிச்சத்தில், பெயர் தெரியும்படி வருகிறதா? சந்தேகப்படுங்கள்.

சமூக வலைதளப் பிரபலங்கள் பணமோ பரிசோ பெற்றுக்கொண்டு பேசினால் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று, விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான 'ஆஸ்கி' 2021-ல் விதி வகுத்தது. இரண்டு நிமிடத்திற்கு மேற்பட்ட வீடியோவில், பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும் அந்தக் குறிப்பு திரையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆஸ்கியின் இணையதளத்தில் நீங்களே புகார் செய்யலாம்.

இப்படங்களைப் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. நன்றாக இருந்தால் ரசியுங்கள், நண்பர்களுக்கும் அனுப்புங்கள். ஆனால் 'ட்ரிப்ளிங்' நன்றாக இருக்கிறது என்பது அந்தக் கார் உங்களுக்கு ஏற்றது என்பதற்குச் சான்றாகாது. வாங்கும் முன் விலை, வாரன்டி, சர்வீஸ் மூன்றையும் விசாரித்துவிடுங்கள்.