ஒரே கம்பெனி, ஒரே மாடல் எல்இடி... வெளிச்சம் மட்டும் வேறு வேறு ஏன்?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் முகூர்த்த சீசனில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பட்டுப்புடவையைத் தேர்வு செய்தவர்கள் அதை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வருவார்கள். "வெளிச்சத்துல ஒரு தடவை பார்த்துடலாம்." உள்ளே அரக்கு நிறமாகத் தெரிந்தது வெயிலில் மெரூனாகத் தெரியும். உள்ளேயும் நூற்றுக்கணக்கான எல்இடி விளக்குகள் எரிகின்றன. அப்புறம் ஏன் வாசலுக்கு வரணும்?

அதே கடையின் கூரையை நிமிர்ந்து பாருங்கள். பெரும்பாலான கடைகளில் ஓர் ஓரம் பளிச்சென்றும், இன்னொரு ஓரம் கொஞ்சம் மங்கலாகவும் தெரியும். ஒரே பிராண்ட், ஒரே மாடல், ஒரே நாளில் மாட்டியதாகக்கூட இருக்கும். இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் எல்இடி தொழிற்சாலைகளில் நடக்கும் ஒரு தரம்பிரிப்பு வேலை இருக்கிறது. அதற்குப் பெயர் 'பின்னிங்'.

தொட்டி தொட்டியாகப் பிரிப்பது

ஆங்கிலத்தில் 'பின்' என்றால் தொட்டி. தொட்டி என்றதும் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சாயத்தொட்டி ஞாபகம் வரும். ஒரே பக்குவத்தில், ஒரே அளவில் சாயம் போட்டாலும், இன்று நனைத்த நூலும் அடுத்த வாரம் நனைத்த நூலும் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகாது. அதனால்தான் ஒரு புடவைக்குத் தேவையான நூலை ஒரே தடவையில் சாயம் போட்டு எடுத்துக்கொள்வார்கள். பாதியில் நூல் மாறினால் உடலில் பட்டை விழுந்து தெரிந்துவிடும்.

எல்இடியும் கிட்டத்தட்ட இதே கதைதான். நீல ஒளி தரும் சிப்பை ஒரு வட்டத் தகட்டின் மேல், காலியம் நைட்ரைடு போன்ற பொருள்களை மெல்லிய அடுக்குகளாகப் படியவைத்து உருவாக்குகிறார்கள். அந்த அடுக்குகளின் தடிமன், இண்டியத்தின் அளவு, மின்தொடர்புப் புள்ளிகளின் தரம் எல்லாம் தகட்டின் நடுவில் ஒரு மாதிரியும், ஓரத்தில் வேறு மாதிரியும் அமையும். ஒரே தகட்டிலிருந்து வெட்டி எடுத்த சிப்புகள்கூட இரட்டைப் பிள்ளைகள் கிடையாது.

எனவே தயாரான ஒவ்வொரு எல்இடியையும் இயந்திரம் சோதிக்கிறது. குறிப்பிட்ட அளவு மின்னோட்டத்தைச் சில மில்லி விநாடிகள் மட்டும் செலுத்தும். அதிக நேரம் செலுத்தினால் சூடாகி அளவு மாறிவிடும் என்பதால்தான் இந்த அவசரம். அந்த நொடிக்குள் மூன்று விஷயங்கள் பதிவாகும்: எவ்வளவு வெளிச்சம், என்ன நிறம், எவ்வளவு வோல்டேஜ். மூன்றும் ஒத்துப்போகிற எல்இடிகள் ஒரே தொட்டியில் விழும்.

ஃபார்வர்டு வோல்டேஜ் என்றால் என்ன?

எல்இடி எரிய வேண்டுமானால் அதன் இரு முனைகளுக்கும் இடையே குறிப்பிட்ட வோல்டேஜ் இருக்க வேண்டும். அதுதான் ஃபார்வர்டு வோல்டேஜ். சிவப்பு எல்இடிக்குச் சுமார் 2 வோல்ட். வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட். ஆனால் 'சுமார்' என்பதுதான் இங்கே சிக்கல். ஒன்று 2.8 வோல்ட்டில் நிற்கும், இன்னொன்று 3.2 வரை போகும். இதைச் சில நிறுவனங்கள் 0.1 வோல்ட் இடைவெளியிலும், சில நிறுவனங்கள் 0.2 வோல்ட் இடைவெளியிலும் தொட்டிகளாகப் பிரிக்கின்றன.

0.4 வோல்ட் எல்லாம் ஒரு வித்தியாசமா என்று தோன்றலாம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

கடை அலமாரிகளில் ஒட்டும் 12 வோல்ட் ஸ்ட்ரிப் லைட்டில், வழக்கமாக மூன்று எல்இடிகளும் ஒரு ரெசிஸ்டரும் சேர்ந்து ஒரு துண்டு. ரெசிஸ்டர் 150 ஓம் என்று வைத்துக்கொள்வோம்.

• மூன்று எல்இடிகளும் 2.8 வோல்ட் என்றால் மொத்தம் 8.4. மீதி 3.6 வோல்ட் ரெசிஸ்டருக்கு. மின்னோட்டம் 24 மில்லிஆம்பியர்.

• மூன்றும் 3.2 வோல்ட் என்றால் மொத்தம் 9.6. மீதி 2.4 வோல்ட்தான். மின்னோட்டம் 16 மில்லிஆம்பியர்.

அதாவது ஒரு துண்டில் இன்னொன்றைவிட ஒன்றரை மடங்கு மின்சாரம் ஓடுகிறது. வெளிச்சமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் மாறும். அதுவே 3.0 முதல் 3.1 வரையிலான ஒரே தொட்டியிலிருந்து எடுத்திருந்தால், 20-க்கும் 18-க்கும் இடையிலான வித்தியாசம்தான். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது.

ஏரி மதகு மாதிரி

காஞ்சிபுரம் ஏரிகளுக்குப் பெயர்போன மாவட்டம். ஓர் ஏரிக்கு மூன்று மதகுகள் இருந்து, அதில் ஒன்று மட்டும் தாழ்வாக இருந்தால் தண்ணீர் அதன் வழியாகத்தான் அதிகம் பாயும். எல்இடி வரிசைகளைப் பக்கவாட்டில், அதாவது பேரலலாக இணைக்கும்போதும் இதுதான் நடக்கிறது. வோல்டேஜ் குறைவாக உள்ள வரிசை மின்சாரத்தை அதிகமாக இழுத்துக்கொள்கிறது.

பிரச்சினை அதோடு முடிவதில்லை. அதிக மின்சாரம் ஓடினால் எல்இடி சூடாகும். சூடானால் அதன் ஃபார்வர்டு வோல்டேஜ் இன்னும் குறையும். குறைந்தால் இன்னும் அதிகமாக மின்சாரம் இழுக்கும். தாழ்ந்த மதகைத் தண்ணீர் மேலும் அரித்துத் தாழ்த்துவது மாதிரி. கடைசியில் அந்த வரிசை முதலில் மங்கும் அல்லது அணைந்துபோகும். அதன் பங்கையும் சேர்த்து மற்ற வரிசைகள் சுமக்கும்.

எல்லா எல்இடிகளும் ஒன்றன்பின் ஒன்றாக, சீரியலாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும். வீட்டு பல்பு பலவற்றில் இப்படித்தான் இணைத்திருப்பார்கள். மத்திய அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரி 5 அன்று தொடங்கியது. அதன்கீழ் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் விநியோகமாகியுள்ளன. 2014-ல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாய் வரை இறங்கியது. பல்பில் வோல்டேஜ் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் உள்ளே இருக்கும் டிரைவர் சமாளித்துவிடும். நீளமான ஸ்ட்ரிப், பேனல், டிவி பேக்லைட் போன்றவற்றில்தான் தொட்டி முக்கியமாகிறது.

ஆர்டர் கொடுப்பது எப்படி?

விளக்கு தயாரிப்பவர்கள் எல்இடியை ரீல் கணக்கில் வாங்குகிறார்கள். ஒவ்வொரு ரீலின் லேபிளிலும் வெளிச்சம், நிறம், வோல்டேஜ் மூன்றுக்குமான தொட்டிக் குறியீடு இருக்கும். "எனக்கு இந்த ஒரு தொட்டி மட்டும் போதும்" என்று கேட்கலாம். ஆனால் விலை கூடும், காத்திருக்கவும் நேரலாம். ஏனென்றால் தொழிற்சாலையால் ஒரே தொட்டியை மட்டும் உற்பத்தி செய்ய முடியாது. மற்ற தொட்டிகளையும் யாராவது வாங்கியாக வேண்டும்.

அதனால் நடைமுறையில் ஒரு சமரசம் உண்டு. எந்தத் தொட்டி வந்தாலும் சரி, ஆனால் ஒரு ரீலுக்குள் ஒரே தொட்டிதான் இருக்க வேண்டும். ஒரு பேனலுக்குள் வேறு வேறு ரீல்களைக் கலக்கக் கூடாது. இந்த ஒழுங்கைப் பின்பற்றாமல் மிச்சம் மீதி ரீல்களைக் கலந்து செய்த சரக்கு மலிவாகக் கிடைக்கும். பட்டை பட்டையாக எரிவது பெரும்பாலும் அதுதான்.

அப்போ புடவை நிறம்?

இங்கே ஒரு தெளிவு தேவை. வோல்டேஜ் தொட்டி வெளிச்சத்தையும் ஆயுளையும்தான் பாதிக்கும். நிறத்துக்குத் தனித் தொட்டி. விஞ்ஞானி டேவிட் மேக்ஆடம் 1942-ல் வகுத்த நீள்வட்டங்களை வைத்து இதைப் பிரிக்கிறார்கள். மூன்று படிக்குள் இருந்தால் இரண்டு விளக்குகளின் வெண்மையில் வித்தியாசம் கண்டுபிடிப்பது பெரும்பாலானவர்களுக்குக் கஷ்டம்.

அது சரியாக இருந்தாலும் அரக்கு நிறம் ஏமாற்றலாம். நிறத்தைக் காட்டும் திறனுக்கான 'சிஆர்ஐ' மதிப்பு, வெளிர் நிறங்கள் எட்டின் சராசரி. அடர்சிவப்பு அந்த எட்டில் இல்லை. அதற்கு 'ஆர்9' என்று தனி மதிப்பு உண்டு. சிஆர்ஐ 80 என்று போட்டிருக்கும் விளக்கில்கூட ஆர்9 ரொம்பக் குறைவாக இருக்கலாம். பட்டுக்கடைக்கும் தறி வீட்டுக்கும் கேட்க வேண்டிய எண் இதுதான்.

வாங்கும்போது கவனிக்க...

• ஒரு சுவருக்கோ அலமாரிக்கோ தேவையான ஸ்ட்ரிப் முழுவதையும் ஒரே பேட்ச்சில் வாங்குங்கள். பெட்டிகளின் லேபிள் குறியீடு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

• பின்னால் மாற்றுவதற்காக ஒரு ரோல் கூடுதலாக வாங்கி வையுங்கள். அடுத்த வருஷம் அதே தொட்டி கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

• புதுத் துண்டு மாட்ட நேர்ந்தால், கண்ணில் படாத ஓரத்தில் உள்ள பழைய துண்டை நடுவில் மாற்றிவிட்டு, புதியதை ஓரத்தில் மாட்டுங்கள்.

• பல்பில் பிஐஎஸ் முத்திரையும், வாட் மட்டுமின்றி லூமென் அளவும் இருக்கிறதா எனப் பாருங்கள்.

பல ஆயிரம் ரூபாய் கொடுத்து எடுக்கும் கல்யாணப் புடவை என்றால்? விளக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு தடவை வாசலுக்கு எடுத்து வந்து பார்த்துவிடுவதே உத்தமம். அம்மாக்கள் சொல்வது இந்த விஷயத்தில் சரிதான்.