மூக்கை வைத்துப் படிக்கும் புத்தகம்

முதலில் முகர வேண்டும். ஆமாம், முகரத்தான். 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' என்ற புத்தகம் கைக்குக் கிடைத்தால் முன்னுரையைத் தேடாதீர்கள், விலையைப் பார்க்காதீர்கள் (பார்த்தால் திரும்ப வைத்துவிடுவீர்கள்). நடுவில் எங்காவது திறந்து மூக்கை உள்ளே விடுங்கள். மை வாசனை குப்பென்று ஏறும். அப்புறம் விரலை வையுங்கள். கன்னங்கரேலென்ற கெட்டித் தாள், அதன்மேல் பளிச்சென்று ஒரு மரம், அந்த மரத்தின் கோடுகள் விரல் நுனியில் தட்டுப்படும். அச்சடித்த கோடு கையில் தட்டுப்படுமா? படும். எப்படி என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

காபி மேசைப் புத்தகங்கள் எனப்படும் இந்த வகைக்குப் பொதுவாக நல்ல பெயர் கிடையாது. டீப்பாய் மேல் கிடக்கும், வந்தவர்கள் காபி வரும்வரை புரட்டுவார்கள், வாங்கியவரே ஒரு வரி படித்திருக்க மாட்டார் என்று ஊரெல்லாம் கிண்டல். 'சைன்ஃபெல்ட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் கிரேமர் என்பவர் காபி மேசைகளைப் பற்றியே ஒரு காபி மேசைப் புத்தகம் போடுவார். அட்டையில் மடக்கி வைத்த கால்களை விரித்தால் அந்தப் புத்தகமே மேசையாகிவிடும். கேலிதான். ஆனால் சில வருஷங்களில் நிஜம் அந்தக் கேலியைத் தூக்கிச் சாப்பிட்டது. 1999இல் ஜெர்மனியின் டாஷன் பதிப்பகம் ஹெல்முட் நியூட்டனின் புகைப்படங்களை 'சூமோ' என்ற பெயரில் கொண்டுவந்தது. பக்கம் 50க்கு 70 சென்டிமீட்டர், எடை சுமார் 30 கிலோ. மடியில் வைத்தால் மடி தாங்காது என்பதால் ஃபிலிப் ஸ்டார்க் வடிவமைத்த தாங்கி ஒன்றையும் கூடவே கொடுத்தார்கள். மொத்தம் 10,000 பிரதிகள், நியூட்டனின் கையெழுத்தோடு. பத்தாயிரம் கையெழுத்து! போட்ட மணிக்கட்டை நினைத்தால் எனக்கே வலிக்கிறது. முதல் எண்ணிட்ட பிரதி அடுத்த வருஷம் பெர்லினில் 6,20,000 மார்க்குக்கு ஏலம் போனது.

இவ்வளவு பெரிய பக்கத்துக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. 1960இல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான சியரா கிளப்பின் டேவிட் ப்ரவர், ஆன்சல் ஆடம்ஸின் படங்களும் நான்சி நியூஹாலின் எழுத்துமாக 'திஸ் இஸ் தி அமெரிக்கன் எர்த்' புத்தகத்தைப் போட்டார். இந்தக் குலத்தின் மூதாதை என்று பலர் சொல்வது அதைத்தான். படம் ஒரே பார்வையில் அடங்கிவிடக் கூடாது, கண் அதற்குள்ளேயே அலைந்து திரிய வேண்டும், அதற்குப் பக்கம் அந்த அளவு இருந்தாக வேண்டும் என்பது ப்ரவரின் கணக்கு. ஃபோனில் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கலாம்தான். ஒரு மூலையைப் பார்க்கும்போது மற்ற மூன்று மூலைகளும் காணாமல் போய்விடுகின்றன.

ஆனால் எனக்குக் கிறுக்குப் பிடிக்க வைப்பது அளவு அல்ல. பின்கட்டு. புத்தகம் உருவாகும் இடத்தில் என்னென்ன கூத்து நடக்கிறது என்ற கதை. அதற்கு பெர்லின் போக வேண்டியதில்லை, சென்னையின் திருவான்மியூர் போதும்.

திருவான்மியூரில் 'புக் பில்டிங்' என்றொரு கட்டடம் உண்டு. 1994இல் கீதா வுல்ஃப் தொடங்கிய தாரா புக்ஸ் பதிப்பகத்தின் வீடு அது. வ. கீதா போன்றவர்கள் எழுத்துப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள, கையால் செய்யும் புத்தகங்கள் ஆறுமுகம் நடத்தும் ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் என்ற பட்டறையில் பிறக்கின்றன. ஸ்கிரீன் பிரிண்டிங் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கட்சிக்காரர் போட்டுக்கொள்ளும் பனியன். அதே வித்தைதான். அதே சட்டம், அதே ரப்பர் பட்டை. அதை வைத்துக்கொண்டு உலகமே கேட்டு வாங்கும் கலைப் புத்தகம் போடலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறதே, அந்தத் துணிச்சல்தான் எனக்கு முதல் மயக்கம்.

மரங்களுக்கு வருவோம். நான் முதலில் முகரச் சொன்ன புத்தகம் பிறந்ததும் இங்கேதான். அதற்கு ஓவியர்கள் மூன்று பேர்: பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி. மூவரும் மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு சமூகத்தவர். பர்தான்கள் பரம்பரைப் பாணர்கள். 'பானா' என்ற தந்தி வாத்தியத்தை இசைத்துக் கோண்டு குடும்பங்களின் கதைகளைப் பாடி வந்தவர்கள். அந்தப் பாட்டு தாளுக்கும் துணிக்கும் படமாக இறங்கிய கதைக்கு ஜன்கர் சிங் ஷ்யாம்தான் தொடக்கம். 1980களில் போபாலின் பாரத் பவன் கலை மையத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெ. சுவாமிநாதன் அவரை அழைத்து வந்தார். ஜன்கரின் உறவுக்காரப் பையன் பஜ்ஜு. போபாலில் இரவுக் காவலாளி வேலைகூடப் பார்த்தவர். லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவரில் படம் வரையப் போனார், திரும்பி வந்து 2004இல் தாராவோடு 'தி லண்டன் ஜங்கிள் புக்' செய்தார். அதில் பிக் பென் கடிகாரம் சேவல், விமானம் பறக்கும் யானை, மாலையானால் பப்புக்குக் கிளம்பும் ஆங்கிலேயர்கள் வௌவால்கள். 'தி ஜங்கிள் புக்' எழுதிய கிப்ளிங் நம் காட்டைக் கதையாக்கினார் என்றால், இவர் அங்கே போய்க் காட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்!

மரங்களின் புத்தகம் 2006இல் வந்தது. மரம் பகலெல்லாம் நிழலும் பழமும் கூடும் கொடுத்து மற்றவர்களுக்காக உழைக்கிறது, இருட்டிய பிறகே தன் சொந்த ரூபத்துக்கு வருகிறது என்பது கோண்டு நம்பிக்கை. ஆகவே பக்கம் கறுப்பாக இருந்தாக வேண்டும். இங்கேதான் பின்கட்டில் குடுமிப்பிடி.

சாதாரண அச்சகத்தில், அதாவது ஆஃப்செட்டில், கறுப்புப் பக்கம் என்பது ஒரு கண்கட்டு. வெள்ளைத் தாளில் மரத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் கறுப்பு மையை ஓட்டிவிடுவார்கள். நாம் பார்ப்பது மையின் கறுப்பு. நிஜமாகவே கறுப்பான தாளை அந்த இயந்திரத்தில் செலுத்தி மஞ்சள் அடித்தால் மஞ்சளை டார்ச் அடித்துத் தேட வேண்டியதுதான். ஆஃப்செட் மை அவ்வளவு மெல்லியது, ஒளி ஊடுருவுவது. அடியிலிருக்கும் வெண்மை மேலே வந்தால்தான் அதற்கு நிறமே. ஸ்கிரீன் மை வேறு ஜாதி. கெட்டியாக, ஆஃப்செட்டைவிடப் பல மடங்கு கனமாகப் படியும். கறுப்பை மறைத்துக்கொண்டு மேலே உட்காரும். விரலில் தட்டுப்படுவது அதுதான்!

இனி வேலையைப் பாருங்கள். சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய சல்லடைத் துணிதான் ஸ்கிரீன். அதில் வெளிச்சம் பட்டால் இறுகும் ஒரு கலவையைப் பூசுகிறார்கள். படத்தின் ஃபிலிமை மேலே வைத்து விளக்கைக் காட்டினால், கோடு மறைத்த இடம் மட்டும் இறுகாமல் நிற்கும். தண்ணீரைப் பீய்ச்சியதும் அது கரைந்து ஓடிவிடும். திறந்துகொண்ட அந்தக் கோடுகள் வழியாக மட்டுமே மை இறங்கும். ஸ்க்வீஜி என்கிற ரப்பர் பட்டையால் மையை ஓர் இழுப்பு. தாளைத் தூக்கித் தட்டில் காயவை. அடுத்த தாள், அடுத்த இழுப்பு. கட்டு முழுவதும் முடிந்து காய்ந்தபின் இரண்டாவது நிறத்துக்கு வேறு ஸ்கிரீன், வேறு மை, மறுபடி முதல் தாளிலிருந்து.

இரண்டாவது நிறம் முதல் நிறத்தின்மேல் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். 'ரிஜிஸ்டர்' உட்கார்ந்ததா என்பார்கள். ஆலைத் தாள் என்றால் சரி, எல்லாத் தாளும் ஒரே சுபாவம். இதுவோ பருத்திக் கழிவை ஊறவைத்துக் கூழாக்கிக் கையால் செய்த தாள். ஒன்று சற்றுத் தடிமன், இன்னொன்றின் ஓரம் பிசிறு. போதாததற்குக் காகிதம் ஈரத்தைக் குடித்து நீளும், வெயிலில் சுருங்கும். ஊரோ கடலோரச் சென்னை. முதல் நிறத்தை வெயில் நாளிலும் இரண்டாவதை மழை நாளிலும் அடிக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே எனக்கு வியர்க்கிறது. அதனால்தான் அருகருகே வைத்த இரண்டு பிரதிகள் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. ஒன்றில் இலை நுனி துளி விலகியிருக்கும், இன்னொன்றில் மை துளி கூடுதலாகப் படிந்திருக்கும். அதைக் குறை என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

இந்தப் பைத்தியக்காரத்தனம் மரங்களோடு தொடங்கியதும் அல்ல. 1990களின் நடுவில் 'தி வெரி ஹங்ரி லயன்' என்ற புத்தகத்தின் மாதிரியை ஃபிராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். கதை கீதா வுல்ஃப், படங்கள் வார்லி பாணியில் இந்திரபிரமித் ராய். கையால் ஸ்கிரீன் போட்ட மாதிரி. கனடாப் பதிப்பாளர் ஒருவருக்குப் பிடித்துப் போய்விட்டது. எத்தனை வேண்டும்? 8,000. கையால்! ஒரு பிரதிக்குப் பத்துத் தாள், தாளுக்கு இரண்டே நிறம் என்று கஞ்சத்தனமாகக் கணக்குப் போட்டாலும் 1,60,000 இழுப்பு. முடியாது என்று சொல்லிவிட்டு மசால் தோசை சாப்பிடப் போயிருக்கலாம். செய்து அனுப்பினார்கள். அந்தக் கிறுக்குக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. மரங்களின் புத்தகத்துக்கு 2008இல் போலோன்யா குழந்தைகள் புத்தகச் சந்தையின் ராகாஸி விருது, தாராவுக்கே 2013இல் ஆசியாவின் சிறந்த குழந்தைகள் பதிப்பகம் என்ற போலோன்யா பரிசு.

சேகரிப்பாளர்களுக்கு ஒரு தூண்டிலும் வைத்திருக்கிறார்கள். பிரதிகளுக்குக் கையால் எண் போடுகிறார்கள். அடுத்த பதிப்பு வரும்போது அட்டைப் படத்தையே மாற்றிவிடுகிறார்கள். உள்ளே அதே மரங்கள், வெளியே வேறு மரம். ஒன்றை வைத்திருப்பவருக்கு இன்னொன்றின் அட்டைமேல் ஆசை வராமல் இருக்குமா? வியாபார மூளை என்று திட்டலாம். நான் திட்டிக்கொண்டே வாங்குகிற ரகம்.

பைண்டிங்கைப் பற்றி அதிகம் பேச மாட்டேன், பேசினால் நிறுத்த மாட்டேன். ஒன்றே ஒன்று. எந்தப் படப் புத்தகத்தை வாங்கும் முன்பும் முதுகை மேலிருந்து பாருங்கள். தாள்கள் சிறு சிறு கொத்துகளாக மடிக்கப்பட்டு நூலால் தைக்கப்பட்டிருந்தால் புத்தகம் விரிந்து படுக்கும், பேரன் காலத்துக்கும் வரும். வெட்டிய தாள்களின் விளிம்பில் வெறும் பசை தடவியிருந்தால், இரண்டு பக்கத்துக்கு நீளும் பெரிய படத்தைப் பார்க்க ஆசைப்பட்டு அழுத்தித் திறக்கும் நாளில் 'படக்' என்று ஒரு சத்தம் கேட்கும். இதில் இன்னொரு கொடுமை, படத்தில் இருப்பவரின் முகத்தைச் சரியாக நடு மடிப்பில் கொண்டுபோய் வைக்கும் வடிவமைப்பாளர்கள். மூக்கு முழுதும் பள்ளத்துக்குள். ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்து மூக்கில்லாத அம்மனை வாங்கிய ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தாராவில் தைக்கிற, மடிக்கிற கைகளுக்குப் புத்தகம் என்ற வடிவமே ஒரு விளையாட்டு. 'ஐ சா எ பீகாக் வித் எ ஃபயரி டெய்ல்' பழைய ஆங்கில வேடிக்கைப் பாடல் ஒன்றை ராம் சிங் உர்வேதியின் படங்களோடு சொல்கிறது. வரியை ஒரு விதமாகப் படித்தால் பிதற்றல், நிறுத்தும் இடத்தை மாற்றினால் முழு அர்த்தம். அதைப் பக்கத்தில் எப்படிக் காட்டுவது? தாளில் துளை போட்டுவிட்டார் வடிவமைப்பாளர் ஜொனாதன் யமகாமி. அடுத்த பக்கத்து வார்த்தை இந்தப் பக்கத்துத் துளையில் எட்டிப் பார்க்கும், புரட்டினால் வேறு வாக்கியத்தில் போய் உட்காரும். முதல்முறை பார்க்கும்போது முன்னும் பின்னுமாகப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வங்காளத்துப் பட்டுவா ஓவியர்கள் ஜாய்தேவ் சித்ரகாரும் மொய்னா சித்ரகாரும் செய்த 'சுனாமி' வேறு வகை. பட்டுவாக்கள் படச்சுருளை விரித்துக்கொண்டே பாடுகிறவர்கள். அந்தச் சுருளையே விசிறி மடிப்பாக மடித்து அட்டைக்குள் வைத்திருக்கிறார்கள். மேலிருந்து கீழே விரிக்க விரிக்க அலை இறங்கிக்கொண்டே வரும். 2004 டிசம்பரைப் பார்த்த கரையில் இருப்பவர்களுக்கு அதை விரிக்கும்போது துள்ளல் அடங்கிவிடும். எனக்கும் அடங்கியது.

உச்சம் 'தி கிளாத் ஆஃப் தி மதர் காடஸ்'. இது அகமதாபாத்தின் மாதா நி பச்சேடி மரபிலிருந்து வந்தது. கோயிலுக்குள் விடப்படாத மக்கள் தங்கள் அம்மனைத் துணியில் வரைந்து, அந்தத் துணியையே கோயிலாகக் கட்டிக்கொண்ட மரபு. அதை ஜெகதீஷ் சித்தாரா புத்தகமாக்கியபோது காகிதத்தில் அடிக்கவில்லை. துணியிலேயே அடித்தார்கள். மடித்தால் புத்தகம், விரித்தால் அம்மன் நடுவில் வீற்றிருக்கும் திரை. டீப்பாய்க்கு அடங்காது, அலமாரியில் நிற்காது, சுவரில் ஆணி அடிக்கத்தான் வேண்டும். என் வீட்டில் அதைப் பார்த்த பெரியம்மா கேட்ட ஒரே கேள்வி, துவைத்தால் சாயம் போகுமா என்பது. போகுமோ போகாதோ, சோதித்துப் பார்க்க நான் விடவில்லை.