இடையனும் கிழவனும்

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில், சாண்ட்வுட் விரிகுடாவை ஒட்டி, கடலுக்குள் ஒற்றையாய் நிற்கிறது ஒரு மணற்பாறைத் தூண். உயரம் சுமார் 65 மீட்டர். பெயர் ஆம் புவாகில். கேலிக் மொழியில் இடையன் என்று பொருள். இதில் ஏற நினைப்பவர் கயிற்றுக்கு முன்னால் கையில் எடுப்பது அன்றைய கடல் ஏற்ற வற்ற அட்டவணையை. தண்ணீர் முழுதாக வற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கிளம்பி, வற்றியபின் இரண்டு மணி நேரத்துக்குள் கரை திரும்பிவிட வேண்டும். நீந்துவது, ஏறுவது, இறங்குவது, மறுபடி நீந்துவது எல்லாம் அந்த நான்கு மணி நேரத்துக்குள். தவறவிட்டால், அடுத்த வற்றம் வரை ஈர உடையோடு பாறை மேல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் தண்ணீர் நன்றாக வற்றும். ஆனால் அதே வேகத்தில் ஏறவும் செய்யும். அட்டவணை சொல்லாத ஒன்றும் உண்டு. அட்லாண்டிக்கில் எங்கோ அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து மோதும். விவரம் தெரிந்தவர்கள் கரையில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து அலையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

தெற்கே, 60 மீட்டர் உயர ஸ்டோர் கிழவன் என்ற தூணுக்குப் போக ஒரு குறுகிய கால்வாயைத் தாண்ட வேண்டும். ஒருவர் மட்டும் கயிற்று நுனியோடு நீந்திப் போய் அக்கரையில் கட்டுவார். மற்றவர்கள் அந்தக் கயிற்றில் தொங்கியபடியே கடப்பார்கள். திரும்பி வரும் வரை அதை அவிழ்ப்பதில்லை.

இவற்றில் எல்லாம் பெரியவர் ஆர்க்னித் தீவுகளின் ஹோய் கிழவன்: 137 மீட்டர். கற்பாளம் நிறைந்த ஒரு திட்டு இவரைக் கரையோடு இணைப்பதால் நீச்சலுக்கு வேலையில்லை. 1967 ஜூலையில் இவர் மேல் ஏறுவதை பிபிசி நேரலையாகக் காட்டியபோது, பிரிட்டனில் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் பார்த்தார்கள் என்று கணக்கு.

கிழவன் என்ற பெயர்தான். தனித்து நிற்கத் தொடங்கி முந்நூறு ஆண்டுகூட ஆகவில்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வரைந்த வரைபடத்தில் அங்கே வெறும் நிலமுனைதான் இருக்கிறது. 1819 வாக்கில் ஓவியர் வில்லியம் டேனியல் வரைந்த படத்தில் அவருக்கு இரண்டு கால்கள்! பாறை வெடிப்பில் அலை புகுந்து குகையாக்கி, குகையை வளைவாக்கி, வளைவின் கூரையைச் சரித்தால் மிஞ்சுவது தூண். அந்த இரண்டு கால்களில் ஒன்றை, படம் வரைந்தபின் கடல் கொண்டுபோய்விட்டது.

ஆக, ஏறுபவர் பற்றுவது கடல் இன்னும் பிரித்துக்கொண்டிருக்கும் கட்டடத்தை. மணற்பாறை நனைந்தால் வலு குறையும். மழை பெய்தால் காயும் வரை காத்திருப்பது நல்லது. பிடிக்கும் கல்லை, சந்தையில் பானை வாங்குபவர் போல, முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளலாக ஒலித்தால் கை வைக்கக்கூடாது. விளிம்புகளில் ஃபுல்மார் என்ற கடற்பறவை கூடு கட்டியிருக்கும். நெருங்கினால் வயிற்றிலுள்ள எண்ணெயைக் குறி பார்த்து உமிழும். துவைத்தாலும் அந்த நாற்றம் லேசில் போகாது. குஞ்சு பறக்கும் வரை அந்தப் பக்கம் போகாமலிருப்பதே இருவருக்கும் நல்லது.

ஹோய் கிழவனின் இரண்டாம் கட்டத்தில் பாதை குறுக்காகப் போய், வெளியே துருத்திய பாறையின் மேலேறும். இறங்கும்போது அதே இடத்தில் கயிற்றில் சறுக்கி இறங்கினால், பாறை எட்டாமல் அந்தரத்தில் தொங்க நேரும். அதனால் ஏறும்போதே அந்தக் குறுக்குப் பாதையில் ஒரு கயிற்றைக் கட்டி விட்டுப் போவது வழக்கம். திரும்புகையில் அதைப் பிடித்திழுத்துப் பாறைக்கு வந்துவிடலாம். உச்சியில் முன்பு வந்தவர்கள் விட்டுப்போன பட்டைகளும் ஆணிகளும் இருக்கும். நைலானை வெயில் தின்றிருக்கும், இரும்பை உப்பு தின்றிருக்கும். புதிய பட்டை ஒன்றைச் சுமந்து போவது பெரிய பாரமில்லை.

ஹோய் கிழவன் மேல் 1966இல் முதன்முதலாக ஏறிய மூவரில் ஒருவர் டாம் பேட்டி, உல்லாபூலில் வைத்தியம் பார்த்த டாக்டர். ஸ்டோர் கிழவனின் முதல் ஏற்றத்திலும், இடையனின் முதல் ஏற்றத்திலும் அவர் உண்டு. 1970 மே மாதம், வடகரையில் மெய்டன் என்ற கடல் தூணின் உச்சியைத் தொட்டுவிட்டு, கயிற்றில் இறங்கும்போது விழுந்து இறந்தார். வயது 38.