சோலார் பேட்டரி சீக்கிரம் வீக்காகுதா? சார்ஜ் செட்டிங்கை ஒருமுறை செக் பண்ணுங்க!

காஞ்சிபுரம் பட்டுத்தறிக்கு கரண்ட் தேவையில்லை. கையும் காலும்தான் அதை ஓட்டுகின்றன. ஆனால் முடி போன்ற மெல்லிய இழை அறுந்தால் கண்டுபிடித்து முடிச்சுப் போட நல்ல வெளிச்சம் வேண்டும். கைத்தறி நெசவாளர்களுக்கான இலவச மின்சாரம் 2023-ல் 2 மாதத்துக்கு 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்ந்தது. கரண்ட் கட் ஆகும்போது அது கைகொடுக்காது. அப்போது நம்பியிருப்பது சோலார் பேனலையும் பேட்டரியையும்தான்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2011-ல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்திலேயே 300 சதுர அடி வீடுகளுக்கு சோலார் விளக்குகள் பொருத்தப்பட்டன. இத்தகைய அமைப்பில் பேனல் பல ஆண்டு உழைக்கும். முதலில் படுப்பது பேட்டரிதான். அதற்கு ஒரு முக்கியக் காரணம், தவறான சார்ஜ் செட்டிங்.

சார்ஜ் கன்ட்ரோலர் என்ன செய்கிறது?

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் சின்ன பெட்டிதான் சார்ஜ் கன்ட்ரோலர். முதலில் கிடைக்கிற கரண்டை முழுசா உள்ளே தள்ளும். அடுத்து, வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தி மீதியை நிரப்பும், இது அப்சார்ப்ஷன். நிறைந்த பிறகு வோல்டேஜைக் குறைத்துப் பராமரிக்கும், இது ஃப்ளோட்.

எந்த பேட்டரிக்கு எவ்வளவு?

தண்ணீர் ஊற்றும் 12 வோல்ட் டியூபுலர் பேட்டரிக்கு அப்சார்ப்ஷன் சுமார் 14.4 வோல்ட், ஃப்ளோட் சுமார் 13.5 வோல்ட். சார்ஜ் கரண்ட் கொள்ளளவில் 10-ல் ஒரு பங்கு. அதாவது 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு 15 ஆம்பியர்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு சார்ஜ் வோல்டேஜ் 14.2 முதல் 14.4 வரை போதும், 14.6-ஐத் தாண்டவே கூடாது. டியூபுலருக்கு அவ்வப்போது 15 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும் 'ஈக்வலைசேஷன்' இதற்கு ஆகாது. பழைய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் மாட்டுபவர்கள் செட்டிங்கை மாற்ற மறப்பது பெரிய தவறு. மூடிய ஜெல் பேட்டரிக்கும் ஈக்வலைசேஷன் கூடாது.

இவை பொதுவான அளவுகள்தான். உங்கள் பேட்டரியின் கையேட்டில் இருப்பதே இறுதி.

காஞ்சிபுரம் வெயில் என்ன செய்யும்?

மேலே சொன்ன டியூபுலர் அளவுகள் 25 டிகிரி செல்சியஸுக்கானவை. கோடையில் பேட்டரி 40 டிகிரிக்குச் சூடானால், அதே 14.4 வோல்ட் ஓவர்சார்ஜ் ஆகிவிடும். தண்ணீர் சீக்கிரம் வற்றும், தகடுகள் அரிக்கும். லெட்-ஆசிட் பேட்டரிக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு செல்லுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் 6 செல்கள். கணக்குப் போட்டால் 40 டிகிரிக்கு சுமார் 14 வோல்ட் போதும். டெம்பரேச்சர் சென்சார் உள்ள கன்ட்ரோலர் இதைத் தானாகவே செய்யும். லித்தியத்துக்கு இந்த வசதியை ஆஃப் செய்துவிடணும்.

குறைவாக சார்ஜ் ஆனாலும் ஆபத்தா?

ஆமாம். பாதி சார்ஜிலேயே நாள்கணக்கில் கிடந்தால் லெட்-ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது. அதனால் லோ கட்-ஆஃபையும் பாருங்கள். டியூபுலருக்கு சுமார் 11.5 வோல்ட்டில் விளக்கு அணைந்துவிட்டால், பேட்டரி முழுசா வடிந்துபோகாது.

மறக்கக் கூடாதவை

* கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைத்து, பிறகு பேனலை இணைக்கவும். கழற்றும்போது முதலில் பேனல்.
* டியூபுலரில் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றவும். குழாய்த் தண்ணீரோ ஆசிட்டோ வேண்டாம்.
* சார்ஜ் ஏறும்போது டியூபுலரிலிருந்து தீப்பற்றும் ஹைட்ரஜன் வெளியேறும். காற்றோட்டமான இடத்தில், விளக்கு, அடுப்புக்குத் தள்ளி வைக்கவும். தறி பக்கத்திலும் வேண்டாம். ஒரு துளி ஆசிட் பட்டாலே பட்டும் ஜரிகையும் பாழாகிவிடும்.

புது பேட்டரி வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். பொருத்த வருபவரிடம் 'எந்த வகைக்கு செட் பண்ணியிருக்கீங்க? எத்தனை வோல்ட்?' என்று கேட்டு, அந்த எண்களைப் பேட்டரி மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை யார் கை வைத்தாலும் செட்டிங் தவறாது.